'சீ' என்றால் ஓடிவரும் பூனை

படக்கதைப் புத்தகம் கையில் இருந்தால், "கல்லூரிக்கு வந்த பிறகும் இதுதானா?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. அவர்களுக்குச் சொல்வதற்கென்றே ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஜப்பானில் கோதன்ஷா என்னும் பெரிய பதிப்பகம் 1982இல் தொடங்கிய 'மார்னிங்' என்றோர் இதழ் உண்டு. முழுக்க முழுக்கப் படக்கதைகள். ஆனால் அது சிறுவர் இதழ் அன்று. அலுவலகம் போய்வரும் ஆண்களுக்கான இதழ். அந்த ஆண்கள் 2004ஆம் ஆண்டிலிருந்து 2015 வரை ஒரு பூனைக்குட்டியின் கதையைத் தொடர்ந்து படித்திருக்கிறார்கள்! கொனாமி கனாதா என்ற பெண் ஓவியர் எழுதி வரைந்த அக்கதை பின்னர் 12 தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றது, ஆங்கிலத்திலும் வந்தது. நான் படித்தது ஆங்கிலத்தில்தான்.

கதையின் பெயர் 'சீஸ் ஸ்வீட் ஹோம்'. 'சீ'யின் இனிய இல்லம் என்று பொருள். பாலாடைக்கட்டியைக் குறிக்கும் 'சீஸ்' என்ற சொல்லும் ஜப்பானிய எழுத்தில் அப்படியேதான் வரும் என்பதால் தலைப்பிலேயே ஒரு சிலேடை. 'சீ' என்பது பூனைக்குட்டியின் பெயர். நாம் முகம் சுளித்து 'ச்சீ' என்போமே, ஏறக்குறைய அதே ஒலி. பெயர் வந்த விதமோ அதைவிட வேடிக்கை.

தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் நடந்துபோகிற ஒரு குட்டி, வேடிக்கை பார்த்துக்கொண்டே பின்தங்கி வழி தவறிவிடுகிறது. யோஹேய் என்ற சின்னப் பையன் கண்ணில் அது படுகிறது. குட்டியும் அழுகிறது; கீழே விழுந்த பையனும் அழுகிறான். பையனும் அவன் தாயும் குட்டியை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். பெயர் வைக்க ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதற்கும் குட்டி திரும்பிப் பார்ப்பதாயில்லை. அந்த வீட்டில் பையனுக்கே அப்போதுதான் கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். ஜப்பானியக் குழந்தைகள் சிறுநீர் வருவதைச் சொல்லும் சொல் 'சீ'. அந்தச் சொல்லுக்குக் குட்டி திரும்பிப் பார்த்துவிட்டது! அதுவே பெயராக நிலைத்தும் விட்டது. நம் ஊரில் 'சீ' என்றால் பூனை ஓடிப்போகும். அந்த வீட்டில் ஓடிவருகிறது.

ஜப்பானிய இலக்கியத்தில் பூனைக்கு இடம் கிடைப்பது புதிதன்று. நட்சுமே சோசெகி 1905, 1906ஆம் ஆண்டுகளில் எழுதிய 'நான் ஒரு பூனை' என்ற நாவலில், ஓர் ஆசிரியர் வீட்டுப் பூனைதான் கதை சொல்கிறது. வீட்டுக்கு வரும் படித்தவர்களையெல்லாம் கிண்டல் செய்கிறது. (ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.) ஆனால் அப்பூனைக்குக் கடைசிவரை யாரும் பெயரே வைப்பதில்லை. 'மார்னிங்' இதழிலேயே 1984 முதல் மகோத்தோ கொபயாஷி வரைந்த 'மைக்கேல்' என்ற பூனை பெரும்புகழ் பெற்றது. கனாதாவும் 'சீ'க்கு முன்பே, ஒரு பாட்டியம்மாளும் அவர் வளர்க்கும் பூனையுமாக ஒரு தொடர் வரைந்தவர். ஆகவே பூனையின் முதுகு எப்போது வளையும், காது எப்போது மடியும் என்பதெல்லாம் அவர் கைக்குப் பழகிப்போன செய்திகள்.

சோசெகியின் பூனை பண்டிதன். சீயோ மழலை. இந்த மழலையில்தான் கதையின் சூட்சுமமே இருப்பதாக நான் நினைக்கிறேன். குட்டி மனத்தில் நினைப்பதெல்லாம் எழுத்தில் வருகிறது; நாம் படிக்கிறோம். கதைக்குள் இருக்கும் மனிதர்களின் காதில் விழுவதோ வெறும் 'மியாவ்'. மனிதர்கள் பேசுவதும் குட்டிக்குப் பாதிதான் புரிகிறது, அதுவும் தவறாக. இரண்டு பக்கமும் புரிவது வாசகனுக்கு மட்டுமே. உடம்பைக் காட்டிவர அப்பா அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறார். அவர் நினைப்பில் அது கடமை. குட்டியின் நினைப்பில் அது துரோகம். அன்றிலிருந்து அப்பாவைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது. அந்த மனிதர் அதன் அன்பைத் திரும்பப் பெறப் படும் பாட்டைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். நம் வீட்டிலும் ஊசி போட அழைத்துச் சென்றவரோடு குழந்தை சில நாள் 'டூ' விடுவதில்லையா?

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. நம்மிடம் 'சலசல', 'குறுகுறு' என்று இரட்டைக்கிளவிகள் இருப்பதுபோல ஜப்பானிய மொழியிலும் ஏராளம் உண்டு. படக்கதைக்காரர்கள் அவற்றைப் படத்தின் மேலேயே எழுதிவிடுவார்கள். 'ஃபுவா ஃபுவா' என்றால் பஞ்சுபோல் மென்மை. 'கோரோ கோரோ' என்றால் பூனை சுகமாகத் தொண்டைக்குள் எழுப்பும் ஒலி. இடி உருளுவதற்கும் அதே சொல்தான். இடிக்கும் பூனைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழியை எனக்குப் பிடித்துவிட்டது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். குட்டி வந்து சேர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் விலங்கு வளர்க்கத் தடை. யமாதா குடும்பத்தார் அதை ஒளித்துத்தான் வளர்க்கிறார்கள். ஜப்பானிய நகரங்களில் வாடகை ஒப்பந்தத்திலேயே இப்படி ஒரு தடை இருப்பது சாதாரணம். அதே குடியிருப்பில் வேறொருவரும் ஒரு பெரிய கரும்பூனையை இரகசியமாக வளர்க்கிறார். சீக்கு அது நண்பன், ஏறக்குறைய ஆசான். அந்த இரகசியம் வெளிப்பட்டு, அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போக நேர்கிறது. தன் நண்பன் ஏன் போகிறான் என்பது குட்டிக்கு விளங்குவதில்லை. நமக்கு விளங்குகிறது. முன்பு நம்மைச் சிரிக்க வைத்த அதே உத்தி இங்கே தொண்டையை அடைக்கச் செய்கிறது.

எனினும் என்னை உண்மையில் உறுத்தியது வேறொன்று. முதல் பக்கங்களில் குட்டி ஓயாமல் "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறது. வீடு என்றால் அதற்குத் தாய். வழி தேடிக் கிளம்புகிறது. ஒரு பந்து உருள்கிறது, ஒரு நூல் அசைகிறது. எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துபோகிறது. இதையும் நகைச்சுவையாகத்தான் வரைந்திருக்கிறார். நாள் ஆக ஆக அழுகை குறைகிறது, தாயின் முகம் மங்குகிறது. பிறகு ஒருநாள் வெளியே போய்விட்டு அதே குட்டி "வீட்டுக்குப் போகணும்" என்கிறது. இப்போது வீடு என்றால் யமாதா குடும்பத்தாரின் வீடு! சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. எந்தப் பக்கத்தில் மாறியது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

அப்படியானால் அந்தத் தாய்ப்பூனை? நல்ல மனம் படைத்த ஒரு குடும்பம், தன்னை அறியாமல், ஒரு தாயிடமிருந்து குட்டியைப் பிரித்துவிட்டதே என்று எனக்கு ஆசிரியையின் மேல் சற்றுக் கோபம்கூட வந்தது. ஆனால் அவர் மறக்கவில்லை. பிற்பட்ட தொகுதிகளில், காணாமற்போன குட்டியைத் தேடும் அறிவிப்பு ஒன்று வருகிறது. படத்தில் இருப்பது சீ. இத்தனை காலம் தங்களுடையதாக எண்ணி வளர்த்த குட்டியை வேறொரு வீடு தேடிக்கொண்டிருக்கிறது என்று யமாதா குடும்பத்தாருக்குத் தெரியவருகிறது. பெற்றவள் ஒருபுறம், வளர்த்தவர்கள் ஒருபுறம். குட்டியிடம் கேட்கலாம் என்றால் அதன் விடை அவர்கள் காதில் 'மியாவ்' என்றுதானே விழும்?

முடிவை நான் சொல்லப்போவதில்லை. படிக்கப் போகிறவர்களின் சுகத்தைக் கெடுப்பானேன்? பன்னிரண்டாம் தொகுதியை முடித்த அன்றிரவு முதல் தொகுதியை மறுபடியும் எடுத்தேன். முதன்முறை படித்தபோது என் கண் பின்தங்கிய குட்டியின் மேலேயே இருந்தது. இம்முறை முன்னால் நடந்துபோகும் தாய்ப்பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.