முப்பது லீற்றர் கணக்கு: தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவது எப்படி?

காலையில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனால், படகுக்குக் காத்து நிற்கும் சனத்துக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை, சீமெந்துப் பை, மரக்கறிப் பெட்டி என்று பலதும் அடுக்கியிருக்கும். அவற்றோடு தண்ணீர்க் கலன்களும் இருக்கும். நெடுந்தீவுக்குக் குதிரையும் பெருக்கு மரமும் பார்க்கப் போகிறவர்களின் கையில் ஆளுக்கொரு சின்னப் போத்தல். அங்கே வேலைக்குப் போகிறவர்களின் காலடியில் பத்து லீற்றர், இருபது லீற்றர்க் கலன்கள். யார் எத்தனை நாள் தங்கப் போகிறார் என்பதைக் கலனைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நெடுந்தீவில் நான்கு வருடம் ஆசிரியையாக இருந்தேன். திங்கள் காலை படகேறி, வெள்ளி பின்னேரம் திரும்புவேன். முதல் வருடம் எனக்குத் தண்ணீர் பற்றி ஒன்றும் தெரியாது. வலிகாமத்தில் கிணற்றடியில் வளர்ந்தவளுக்கு, தண்ணீர் என்பது வாளியை விட்டால் வருவது. வீட்டில் கிடந்த பழைய இருபது லீற்றர்க் கலன் ஒன்றை அலசி, நிரப்பிக்கொண்டு போனேன். பங்குனி மாதம், நல்ல வெயில். மூன்றாம் நாள் இரவு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கியது. தங்கியிருந்த வீட்டு அம்மா ஜீவனிப் பைக்கற் ஒன்றை எடுத்துவந்து, கரைக்கத் தண்ணீர் தேடினார். என் கலனின் வாய்க்குள் விரலை விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. “பிள்ளை, இதுக்குள்ள வழுவழுவெண்டு பாசி பிடிச்சிருக்கு. இதையோ மூண்டு நாளாக் குடிச்சனீ?”

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி நல்ல மருந்துதான். ஆனால் அதைக் கரைக்கவும் சுத்தமான ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும். அன்று அந்த அம்மா தன் வீட்டுக் குடத்திலிருந்து தந்தார். கடல் கொந்தளிக்கும் இரவில் பெருநோய் வந்தால் யாழ்ப்பாணம் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்று தீவில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிறகு நான் தண்ணீரைக் கவனமாகக் கையாளப் பழகினேன். அப்படிக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் கொண்டுபோக வேண்டியிருக்கிறது?

யாழ் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். வருடத்தில் ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைத்தாலும், அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக நிலத்துக்குள் இறங்கித் தேங்குகிறது. நாங்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

நிலத்துக்குக் கீழே நன்னீர் தனியே இருப்பதில்லை. பாரம் குறைந்த நன்னீர், பாரம் கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும், ஒரு வில்லையைப் போல அது இருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதாவது அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலே வர இடமுண்டு.

துலாவால் வாளி வாளியாக அள்ளிய காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் இருந்தது. மின்பம்பி ஒரே இழுவையில் இழுக்கிறது. ஒடுங்கிய தீவுகளில் இந்த நன்னீர் வில்லை இன்னும் மெல்லியது. தையில் இனித்த கிணறு ஆடி, ஆவணியில் சவர்க்கும். குளிக்கலாம், துணி துவைக்கலாம், குடிக்க முடியாது. வேலணைச் சாட்டிப் பக்கம் போல மணற்பாங்கான சில இடங்களில் நல்ல தண்ணீர் கிடைப்பதால், அயலூர்கள் அவற்றை நம்பியிருந்தன. மற்ற இடங்களில் பவுசரும் கலனும்தான்.

2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு நாளில் 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது அது. பெரிய ஆறுதல்தான். ஆனால் நிலையம் இருப்பது ஒரு பக்கம், குழாய் வீட்டு வாசலுக்கு வருவது இன்னொரு பக்கம். அதுவரைக்கும் தண்ணீரைச் சுமக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளுக்கு மூன்று லீற்றர் வையுங்கள். வெயிலில் நடப்பவர், சைக்கிள் ஓடுபவர் நான்கு ஐந்து லீற்றர் வரை குடிப்பார். சமையலுக்கும் பல் துலக்கவும் இரண்டு லீற்றர். ஆக, நாளுக்கு ஐந்து லீற்றர். ஐந்து நாளுக்கு இருபத்தைந்து. இதற்கு மேல் ஒரு நாள் கையிருப்புக் கட்டாயம். சோழகம் பலமாக அடித்தால் படகு ஓடாது; வெள்ளி வரவேண்டியவர் சனி வருவார். இதுதான் என் முப்பது லீற்றர் கணக்கு. குளிப்பு, கழுவல் எல்லாம் தீவுக் கிணற்றுத் தண்ணீரில்.

அனர்த்த காலத்தில் ஒருவருக்கு எல்லாத் தேவைக்குமாக நாளுக்குக் குறைந்தது பதினைந்து லீற்றர் கொடுக்கவேண்டும் என்று நிவாரணப் பணிகளுக்கான சர்வதேச நியமம் சொல்கிறது. ஒரு வீட்டில் நான்கு பேர் என்றால் அறுபது லீற்றர். பவுசர் வருகிற நாளில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை குடம் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது புரியும்.

நெடுந்தீவை ஒரு நாளில் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோங்கள். அங்கே கடைகள் இல்லையென்பதல்ல. வறட்சிக் காலத்தில் குதிரைகளே தண்ணீரின்றிச் செத்த தீவு அது. அங்குள்ளவர்களின் குடத்தில் நீங்கள் கை வைக்காமல் இருப்பது நல்லது.

எந்தக் கலன்?

தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. இருபது லீற்றர்க் கலனை ஆடுகிற படகில் ஒரு கையால் தூக்கி ஏற்ற எல்லோராலும் முடியாது. நான் பத்து லீற்றராக மூன்று கலன் வைத்துக்கொண்டேன். இதில் இன்னொரு நன்மை உண்டு. ஒன்று வெடித்தாலும், ஒன்று பழுதானாலும் இரண்டு மிஞ்சும். அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் மருமகன், அங்கே ஆளரவமற்ற உட்பகுதிக்குக் காரில் போகிறவர்களும் இதைத்தான் செய்வார்கள் என்றான். முழுத் தண்ணீரையும் ஒரே தாங்கியில் வைக்காமல் பிரித்து ஏற்றுவார்களாம். பாலைவனமோ பாக்குநீரிணையோ, கணக்கு ஒன்றுதான்.

கலன் உணவுக்கென்று செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் இலக்கம் இருக்கும். 2 என்று இருப்பது திரும்பத் திரும்பப் பாவிக்க நல்லது. 1 என்று இருக்கும் மெல்லிய போத்தல்களை நீண்டகாலம் பாவிக்க வேண்டாம். பெயின்ற், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இருந்த கலனை எத்தனை தரம் கழுவினாலும் குடிதண்ணீருக்கு எடுக்கவே கூடாது. பிளாஸ்ரிக் அவற்றை உறிஞ்சி வைத்திருந்து, மெல்ல மெல்லத் தண்ணீருக்கு விடும்.

வாய் ஒடுங்கியதாக, இறுக மூடக்கூடியதாக இருக்கட்டும். அடியில் குழாய் பூட்டிய கலன் இன்னும் நல்லது. கிணற்றில் சுத்தமாக இருந்த தண்ணீர் வீட்டில் அழுக்காவதற்கு முதற் காரணம், குடத்துக்குள் போகும் கையும் கோப்பையும்தான். கோப்பையை விட்டு அள்ளாமல், சரித்து ஊற்றுங்கள்.

ஏற்றும்போது

கலனைக் கழுத்துவரை நிரப்புங்கள். அரைவாசி நிரம்பிய கலன் உள்ளே அடித்து அடித்து, சைக்கிளையும் ஆளையும் சரிக்கும். கரியரின் இரண்டு பக்கமும் சமபாரமாகக் கட்டுங்கள். படகில் இயந்திரத்துக்கும் டீசல் பரலுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடி திறக்காவிட்டாலும் எரிபொருளின் ஆவி பிளாஸ்ரிக் ஊடாக உள்ளே போகும், தண்ணீர் மணக்கும். வெயில் படாமல் சாக்கு ஒன்றால் மூடுங்கள். ஒளிபுகும் கலனில் வெயில் பட்டால் பாசி வளரும். குளோரினும் வேகமாகக் குறையும். என் முதலாவது கலனுக்கு நடந்தது அதுதான்.

பவுசரில் பிடிக்கும்போது குழாயின் நுனியைப் பாருங்கள். அது நிலத்தில் இழுபட்டு வந்திருக்கும். முதலில் கொஞ்சம் நீரை ஓடவிட்டு, நுனியைக் கழுவி, பிறகு பிடியுங்கள். இலேசான குளோரின் மணம் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். கிருமி கொல்லும் மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

வீட்டில் வைக்கும்போது

வாரம் ஒருமுறை கலனைச் சவர்க்காரமும் ஒரு பிடி கல்லுப்பும் கொஞ்சத் தண்ணீரும் விட்டுக் குலுக்குங்கள். கை போகாத இடத்தைக் கல்லுப்பு தேய்க்கும். நன்றாக அலசி, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். குளோரின் குளிசை போட்டால் பைக்கற்றில் உள்ள அளவுப்படி போட்டு, அரை மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். கிணற்றுக்கும் பெரிய தாங்கிக்கும் எவ்வளவு போடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அது அவருடைய வேலை.

எங்கள் பழைய மண்பானையை மறக்க வேண்டாம். ஈர மணலில் இருத்திய பானையின் சுவரால் நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும். கலங்கல் தண்ணீர் தெளிய, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். கலங்கல் அடியில் படியும். ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் கிருமியில்லாத தண்ணீர் அல்ல. தெளிந்த பின்னும் கொதிக்க வையுங்கள். குமிழி விட்டு ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் போதும். கொதித்தாறிய நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், அதே பாத்திரத்தில் மூடி வைப்பது பாதுகாப்பு.

கொதிக்க வைத்தும் போகாதவை

கொதிநீர் கிருமியைக் கொல்லும். உப்பையும், நைத்திரேற்றையும், எண்ணெயையும் அது போக்காது. நீர் ஆவியாகிப் போக, உப்பும் நைத்திரேற்றும் முன்னிலும் செறிவாகும். தோட்டங்களுக்குப் போடும் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த அளவைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை இழக்கும். பிள்ளை நீலம் பாரிக்கும். இதை நாக்கு கண்டுபிடிக்காது. ஆய்வுகூடத்தில் சோதித்தால்தான் தெரியும்.

சுன்னாகத்தில் 2014, 2015 காலத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். முற்றத்தில் கிணறு வைத்திருந்தவர்கள் குடத்தோடு வீதியோரக் கறுப்புத் தாங்கிகளுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அனல் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. தண்ணீர் சுமப்பது தீவாருக்கு மட்டுமுரிய பாடு என்று அதற்குமுன் நானும் நினைத்திருந்தேன்.

கூரையில் விழுவதை விடாதீர்கள்

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஐம்பது சதுர மீற்றர்க் கூரையில் 800 மில்லிமீற்றர் மாரிமழை விழுந்தால் 40,000 லீற்றர். கால்வாசி வீணாகினாலும் 30,000. நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு இருபது லீற்றர் என்றால், 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று 250 நாளுக்குப் போதும். மார்கழியில் நிரம்பிய தாங்கி ஆவணி வரை வரும். கிணறு சவர்க்கும் காலத்தின் பெரும்பகுதியை அது கடத்திவிடும்.

முதல் மழையை உள்ளே விடாதீர்கள். அது கூரையில் கிடக்கும் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். பீலியின் வாயிலும் தாங்கியின் வாயிலும் நுளம்பு புகாத வலை கட்டுங்கள். மாரியோடு டெங்கும் வருகிற ஊர் இது. தாங்கியை இருட்டாக மூடி வையுங்கள்.

இடமாற்றம் கிடைத்த கடைசி வெள்ளிக்கிழமை, என் மூன்று கலன்களையும் புதிதாக வந்த ஆசிரியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றிலும் அழியாத மையால் ‘குடிநீர் மட்டும்’ என்று எழுதியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “இதுக்கும் வகுப்பு எடுக்கிறியளோ ரீச்சர்?” என்றார். அடுத்த பங்குனியில் தொலைபேசி எடுத்தபோது அவர் தானாகவே சொன்னார்: “நாலாவது கலன் ஒண்டும் வாங்கியிட்டன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பால் கரைக்க.”