உறுமுகிற தொண்டை

கோலார் தங்கவயல் நந்திதுர்க்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் மகன், ராத்திரியானால் கதவைச் சாத்திக்கொண்டு உறுமுகிறானாம். இதுவும் பாட்டா, தொண்டை என்னத்துக்கு ஆகும் என்று கேட்கிறார்.

பாட்டுத்தான் அம்மா. 2007-இல் அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்துவிட்டுப் போனதிலிருந்து ஹெவி மெட்டல் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. நம் நாட்டிலேயே இதில் பேர் எடுத்தவர் மும்பைக்காரர் சாஹில் மகிஜா. 2000-இல் ‘டீமானிக் ரிசரெக்‌ஷன்’ குழுவைத் தொடங்கி, கிதார் வாசித்துக்கொண்டே உறுமிப் பாடியவர். 2010-இல் இங்கிலாந்தின் ‘மெட்டல் ஹேமர்’ இதழ் அந்தக் குழுவுக்கு விருது கொடுத்தது. குழு இருக்கும்போதே ‘டீமன்ஸ்டீலர்’ என்ற பெயரில் தனியாகவும் பாட ஆரம்பித்தார். 2016-இல் வந்த தனி ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர் கிரேக்க நாட்டு ஜார்ஜ் கோலியாஸ். 2023-இல் ‘தி புரொபகண்டா மெஷின்’ வந்தது.

எனக்கு வியப்பு அந்தத் தொண்டைமேல்தான். பேசும்போது அதிர்வது குரல்நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். அன்றாடப் பேச்சில் அவை சும்மா கிடக்கும். உறுமும்போது அவை உள்பக்கம் நெருங்கி வந்து, கனமாக அதிர்கின்றன. நாங்கள் இருந்த லைன் வீட்டில் உள்கதவு மெல்லிய பலகை, வாசல் கதவு கனமான தகரம். சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால், உள்கதவு இரண்டு தடவை படபடப்பதற்குள் தகரம் ஒரு தடவைதான் அடிக்கும். மங்கோலியா, துவா பாடகர்களின் அடித்தொண்டைப் பாட்டில் நடப்பதும் அதுவே: மேல்மடிப்பு பாதி வேகத்தில் அதிர, குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கேட்கிறது. மெட்டல் உறுமலில் அதிர்வு இத்தனை ஒழுங்காக இருப்பதில்லை, கரகரப்பு அதனால்தான்.

கேட்பவருக்குக் கத்தல் போலிருந்தாலும், தேர்ந்தவர் பெரிதாகக் கத்துவதில்லை. சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும். அவர் பார்த்துக்கொள்வது மூச்சை. விலாவை விரித்து வைத்து, காற்றைச் சீராக, அளந்து விடவேண்டும். மூச்சு தளர்ந்தால் தொண்டையை இறுக்கத் தோன்றும், புண்ணாவது அப்போதுதான்.

கல்தூசியில் நுரையீரலைப் பறிகொடுத்த தகப்பன்மார்களைப் பார்த்த ஊர் இது. மூச்சின் அருமை நமக்குத் தெரியும். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். பிள்ளைகள் விடியுமுன் ரயிலைப் பிடிக்கிறார்கள். திரும்பி வந்து ஒரு கலையைக் கையிலெடுத்தால், சாத்தான் கூச்சல் என்று வாயை அடைக்கிறோம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அவர்களாகப் பழகித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதில் நமக்கும் பங்கில்லையா? பூட்டிக் கிடக்கும் கட்டடங்களுக்கா இங்கே பஞ்சம்? ஒன்றைத் திறந்து, மூச்சுப்பயிற்சி தெரிந்த ஒரு வாத்தியாரை வாரம் ஒருநாள் வரவழைத்தால் போதும்.

மகனிடம் சொல்லுங்கள்: வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். நீங்களும் ஒருநாள் அவனோடு உட்கார்ந்து, சாஹிலின் குழு 2017-இல் வெளியிட்ட ‘தசாவதார்’ ஆல்பத்தைக் கேளுங்கள். மச்சத்திலிருந்து கல்கி வரை, உங்களுக்குத் தெரிந்த கதைதான்.