பாவைகளும் மறைந்த கரங்களும்: 'இருண்ட பளிங்கு' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

அதீதக் கற்பனைப் படைப்புக்களை யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் முயற்சிகளென ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு வாசகரிடையே உண்டு. இம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை 'த டார்க் கிறிஸ்ரல்' (இருண்ட பளிங்கு) என்னும் திரைப்படத்தை முன்வைத்து நோக்குவோம். ஜிம் ஹென்சன், பிராங் ஒஸ் ஆகியோரின் நெறியாள்கையில் 1982 இல் வெளிவந்த இப்படத்தில் மனித முகம் எதுவும் தோன்றுவதில்லை. பாத்திரங்கள் யாவும் கையாலும் பொறிகளாலும் இயக்கப்பட்ட பாவைகளே.

பாவை சிறுவருக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் எமது மரபுக்குப் பொருந்தாது. கிறிஸ்துவின் திருப்பாடுகளை உருவங்களைக் கொண்டு காட்டிய 'உடக்குப் பாஸ்' மன்னார்ப் பேசாலையில் வழங்கி வந்தமையை நாடக ஆய்வாளர் அறிவர். துன்பத்தையும் மரணத்தையும் உரைக்கும் வலிமை பாவைக்கு உண்டு.

படத்தின் கதை இதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பளிங்கு உடைந்தது. அன்றுமுதல் ஸ்கெக்சிஸ் எனப்படும் கொடுங்கோலர் ஆண்டு வருகின்றனர். பொட்லிங் என்னும் எளிய மக்களைப் பிடித்து, பளிங்கின் ஒளியால் அவர்களது உயிர்ச்சாரத்தைப் பிழிந்தெடுத்து, அதனைப் பருகி இளமை பெற முயல்கின்றனர். பிழியப்பட்டோர் சிந்தையிழந்த அடிமைகளாகின்றனர். மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சும் இரத்தக்காட்டேரியாக மார்க்ஸ் உருவகித்தமை இங்கு நினைவுக்கு வருகின்றது.

அன்றாட வாழ்வில் இவ்வுறிஞ்சல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குருநகர்க் கடற்றொழிலாளர் இரவெல்லாம் பட்ட பாடு, விடிந்ததும் ஏலக்குரலில் ஒரு விலையாக மட்டுமே ஒலிக்கின்றது. வாங்குவோர் காண்பது மீனையேயன்றி அதன் பின்னுள்ள மனித உறவுகளை அன்று. மறைந்திருக்கும் அவ்வுறவைக் கண்முன் நிறுத்துவதே இக்கற்பனையின் சாதனை எனலாம்.

எனினும் படத்தின் முடிவு இத்தெளிவைக் கைவிடுகின்றது. சோதனைக்கூடத்திற் கூண்டுகளில் அடைபட்ட விலங்குகள் ஒருகணம் கிளர்ந்தெழுந்து கொடியவனை நெருப்பினுள் வீழ்த்துகின்றன. ஆனால் இறுதி விடுதலையோ மூன்று சூரியர்கள் ஒன்றுசேரும் வேளையில், முன்னரே உரைக்கப்பட்ட தீர்க்கதரிசனத்தின்படி வந்து சேர்கின்றது. கொடுங்கோலரும் சாந்தசீலரான முனிவரும் ஒன்றிக் கலந்துவிடுகின்றனர். முரண்பாடு தீர்க்கப்படவில்லை, சமரசப்படுத்தப்படுகின்றது. பொட்லிங் மக்கள் தமது விடுதலையிற் பங்கேற்காமலே விடுதலை பெறுகின்றனர்.

படம் உருவான விதமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒரு பாவையினுள் ஒருவர் நின்று அதனைச் சுமக்க, வேறு சிலர் அதன் கண்களையும் கைகளையும் இயக்கினர். குரல் பெரும்பாலும் இன்னொருவருடையது. பாரமான கவசவுருக்களை அணிந்தோர் சட்டங்களிற் தொங்கவிடப்பட்டே இளைப்பாறினர். இக்கூட்டுழைப்பு எவ்வளவு திறமையானதோ, அவ்வளவுக்குத் திரையில் அது மறைந்துபோகின்றது.

2019 இல் இதே உலகைச் சித்திரித்து 'எதிர்ப்பின் காலம்' என்ற பொருளுடைய தொடரொன்று 10 பகுதிகளாக வெளிவந்தது. தம்மவரின் சாரமே ஆள்வோருக்குப் பானமாகின்றது என்பதை அறிந்த கெல்பிளிங் மக்களின் ஏழு குலங்கள் அதில் ஒன்றுதிரளுகின்றன. முதற்படம் வானத்திடம் ஒப்படைத்த பணியை இத்தொடர் மக்களிடம் ஒப்படைக்கின்றது. 2020 இல் அது தொடராமல் நிறுத்தப்பட்டது. ஆயினும், உறிஞ்சப்படுவது தமது உயிரே என மக்கள் உணர்தல் விடுதலையின் தொடக்கம் என்பதையும், அவ்வுணர்வை ஊட்டக் கற்பனையும் ஒரு கருவியாகலாம் என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.