செம்பனைத் தோட்டத்துக் கீரை: பறிக்கும் முன் அறிய வேண்டியவை

மலேசியாவின் கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் காசில்லாமல் கிடைக்கும் சத்துணவு கீரைதான். வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் தண்டுக்கீரையும், கால்வாய் ஓரத்தில் கங்குங், செம்பனை வரிசைகளுக்கிடையே புச்சோக் பாக்கு என்னும் பெரணித் தளிர். பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. கீரை வளர்த்தும் பறித்தும் உண்ணும் பழக்கத்தை விடவே கூடாது. ஆனால், எங்கே பறிக்கிறோம், எப்படிச் சமைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பச்சையாக இருந்தால் போதாது

செம்பனை வரிசைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி பட்ட செடி உடனே வாடாது. மஞ்சளாகப் பல நாள் ஆகும். அதுவரை பார்ப்பதற்கு நல்ல கீரை போலவே இருக்கும். அந்த மருந்து இலை வழியாகச் செடிக்குள் இறங்கிவிடுவதால், கழுவினாலும் முழுதாகப் போகாது. மருந்தடித்த இடத்தில் கீரை பறிக்காதீர்கள்.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் நஞ்சை முறிக்கும் மருந்தே கிடையாது. மலேசியா அதை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. பழைய கையிருப்பு எங்காவது இருந்தால் தொடாதீர்கள். விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள். எந்த மருந்தையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் தெரியாமல் குடித்துவிடுவார்கள்.

சொந்தத் தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்தால், எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று லேபிளில் பாருங்கள். அந்த நாள் முடியுமுன் பறித்து விற்கும் கீரையில் மருந்தின் எச்சம் அனுமதித்த அளவை மீறினால், 1983 உணவுச் சட்டத்தின்கீழ் அது குற்றம்.

சமையலில் கவனம்

மரவள்ளி இலையில், குறிப்பாக இளந்தளிரில், சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியாரா லியோனில் மரவள்ளி இலைக் குழம்பு அன்றாட உணவு. அங்கே இலையை நன்றாக இடித்து, நெடுநேரம் வேகவைப்பார்கள். இடிக்கும்போது வெளிப்படும் நஞ்சு கொதியில் ஆவியாகிப் போகிறது. நாமும் இடித்தோ பொடியாக நறுக்கியோ, மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

சாயூர் மானிஸ் கீரையைச் சமைத்து அளவாகச் சாப்பிடலாம். பச்சைச் சாறாகக் குடிக்கக் கூடாது. 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க அதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் மீளாத பாதிப்படைந்தது.

மருந்தடிப்பவர்களின் உரிமை

1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, கையாளும் மருந்து பற்றிய தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. சட்டப்படி தரவேண்டிய கையுறை, முகக்கவசம் போன்றவற்றுக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக் குறை பற்றிப் புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகும் உரிமையை 2024 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கும் திருத்தம் தருகிறது.

பாதிப்பு ஏற்பட்டால்

மருந்து உடம்பில் பட்டால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், மருந்தின் லேபிளை மருத்துவமனைக்குக் கையோடு கொண்டு போங்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. மருத்துவர்களும் பொதுமக்களும் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

வேலையால் வந்த நோய் என்றால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கோரலாம். அதற்கு மருத்துவச் சீட்டு, மருந்தின் பெயர், அடித்த தேதி மூன்றும் முக்கியம், எழுதி வையுங்கள். பாதுகாப்புக் குறை பற்றிய புகாரை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவிடம் கொடுக்கலாம்.

எந்த வரிசையில், எந்த நாளில், என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். பள்ளி, கோயில், குடியிருப்புப் பக்கம் அறிவிப்புப் பலகை வைக்கச் சொல்லுங்கள். ஒருவராகக் கேட்கத் தயங்கினால் தொழிற்சங்கத்தின் மூலம் கேளுங்கள். கீரையை வீட்டருகே, மருந்து எட்டாத நிலத்தில் நட்டு, தைரியமாகச் சாப்பிடுங்கள்.