பேஸ்புக்கில் உங்கள் விளம்பரம் யார் கண்ணில் படுகிறது?

வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் பலருக்கும் தோன்றும் எண்ணம், "நம் தொழிலை பேஸ்புக்கில் போட்டால் என்ன?" என்பதுதான். முறுக்கு செய்து விற்பவர், டியூஷன் எடுப்பவர், பிளவுஸ் தைப்பவர் என எல்லோரும் பக்கம் திறந்துவிடுகிறார்கள். ஆனால் 2,000 லைக் இருந்தும் ஓர் ஆர்டர்கூட வரவில்லை என்று புலம்புபவர்களும் உண்டு. ஏன் இப்படி?

லைக் கொடுத்த எல்லோருக்கும் உங்கள் பதிவை பேஸ்புக் காட்டுவதில்லை. ஒருவர் லாக்-இன் செய்யும்போது அவருக்காக ஏராளமான பதிவுகள் காத்திருக்கும். அவற்றை ஒரு புரோகிராம் வரிசைப்படுத்துகிறது. அவர் யாருடைய பதிவுகளில் கருத்து எழுதுகிறார், எதைப் பகிர்கிறார் என்றெல்லாம் அது கவனிக்கிறது. நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் பேஸ்புக் அறிவித்தது. அதனால் வியாபாரப் பக்கங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

"ஆயிரம் லைக் வாங்கித் தருகிறோம்" என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்த லைக்குகள் உங்களிடம் எதுவும் வாங்கப் போவதில்லை. உங்கள் பதிவுகளைக் கண்டுகொள்ளாதவர்கள் பக்கத்தில் நிறைந்தால், உண்மையான வாடிக்கையாளருக்குப் பதிவு போய்ச் சேர்வதும் கடினமாகும்.

யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

கும்பகோணத்தில் முறுக்கு செய்து, ஊருக்குள் மட்டும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஆயிரம் பேர் பார்த்து என்ன பயன்? பதிவின் முதல் வரியிலேயே ஊரின் பெயர், விலை, கிடைக்கும் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். "சுவையோ சுவை" என்பதைவிட "கும்பகோணத்துக்குள் மட்டும், சனிக்கிழமை டெலிவரி" என்பது உரியவரை நிறுத்திப் படிக்க வைக்கும்.

பணம் கட்டும் முன்

பதிவின் கீழே உள்ள பூஸ்ட் போஸ்ட் பட்டனைக் கிளிக் செய்தால் பணம் கட்டி விளம்பரம் செய்யலாம். அவசரப்பட்டு அடுத்த பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஆடியன்ஸ் என்ற பகுதியில் ஊரின் பெயரையும், சுற்றி எத்தனை கிலோமீட்டர் என்பதையும் தேர்வு செய்யுங்கள். நாடு முழுவதும் என்று விட்டுவிட்டால் வாங்க முடியாதவர்களுக்குக் காட்டியே உங்கள் 500 ரூபாய் கரைந்துவிடும். அட்வான்டேஜ் பிளஸ் என்ற வசதி இயங்கினால், நீங்கள் தரும் விருப்பங்கள் போன்றவற்றை பேஸ்புக் ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஊரைச் சரியாகக் கொடுப்பது முக்கியம்.

இன்னொரு விஷயம். விளம்பர இடத்துக்கு ஒவ்வொரு முறையும் உள்ளே ஏலம் நடக்கிறது. அதிகப் பணம் தருபவரே ஜெயிப்பார் என்பதில்லை. பார்ப்பவர் அந்த விளம்பரத்தைக் கிளிக் செய்வாரா, அதன் தரம் எப்படி என்பவையும் கணக்கில் சேரும். உரியவருக்கு உரியதைக் காட்டினால் குறைந்த செலவிலேயே இடம் கிடைக்கலாம்.

வாட்ஸ்அப்பையும் மறக்க வேண்டாம்

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்ல வழி. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். எனவே பொருளைக் கொடுக்கும்போதே, "எங்கள் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் பாருங்கள்

ஒருவரே மூன்று முறை பார்த்தாலும் பார்வைகள் 3 என்றுதான் காட்டும். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் சிறிய தொகையில், ஒரே பொருளுக்கு இரண்டு விதமாக விளம்பரம் கொடுத்துப் பாருங்கள். வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த விளம்பரத்துக்கு அடுத்த முறை பணம் போடலாம் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.