பாட்டுக்குச் சம்பளம்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒருமுறையேனும் கடவுள் வாழ்த்துப் பாடாத குழந்தை நம் குடும்பங்களில் அரிது. நாற்பது குழந்தைகள் வரிசையாக நின்று பாடுவார்கள். தாய்மார் கண் கலங்குவார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுத்த ஆசிரியைக்கு ஒரு பொன்னாடை போர்த்துவோம். அடுத்த ஆண்டு வரையில் அவரை மறந்துவிடுவோம். அவருக்கும் வீட்டு வாடகை உண்டு என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. சென்ற ஆண்டு அந்த அம்மையார், மாலை நேரத்தில் கணக்கு எழுதும் வேலை ஒன்று கிடைத்துவிட்டது என்று சொல்லி விடைபெற்றுக் கொண்டார். எவரும் அவரைக் குறை சொல்ல இயலவில்லை. மாற்று வழி சொல்லவும் இயலவில்லை.

அன்று முதல் என் மனத்தில் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பாடற்குழுவைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் சாண்டிக்லீர். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1978-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆங்கிலக் கவிஞர் சாஸர் இயற்றிய கான்டர்பரிக் கதைகளில் கணீரென்று கூவும் சேவல் ஒன்று வருகிறது. அச்சேவலின் பெயரையே இக்குழுவினர் சூடிக்கொண்டனர்.

குழுவைத் தொடங்கியவர் லூயி பாட்டோ என்னும் பாடகர். இசை வரலாறு பயின்றவர். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியத் தேவாலயங்களில் பாடப்பெற்ற இசையைப் பல்கலைக்கழகத்தில் ஏட்டிலே படித்தாரேயன்றிக் காதால் கேட்க வாய்ப்பில்லை. பாடுவோர் இலர். படிக்கும் பாட்டு ஏன் ஒலிக்கவில்லை என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடையாக ஒன்பது பாடகர் அவர் வீட்டு உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒத்திகை பார்த்தனர். அந்நகரத்தின் பழமையான மிஷன் டொலோரஸ் தேவாலயத்தில் முதற்கச்சேரி நடைபெற்றது.

இவ்விசையின் இயல்பை இங்கே சிறிது சொல்ல வேண்டும். நம் கர்நாடக இசையில் பாடுவோர் ஒருவராயினும் நால்வராயினும் பாட்டின் வழி ஒன்றே. அவர்கள் பாடுவதிலோ ஒரே நேரத்தில் நான்கு, ஐந்து, சில வேளை எட்டு வழிகள் செல்லும். மார்கழிக் காலையில் நம் வாசலில் போடும் கம்பிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் தன் போக்கிலே வளைந்து செல்கிறது. ஆயினும் புள்ளிகளைச் சுற்றி எல்லாம் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. அது போன்றது. எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் குழு ஒன்றை அமைத்துப் பாரதியார் பாடல்களைச் 'சேர்ந்திசை' என்ற பெயரில் பல குரல்களில் பாடச் செய்ததைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பெருங்கூட்டமாக நூறு பேர் பாடினால் ஒருவர் தவறினாலும் தெரியாது. சாண்டிக்லீர் நெடுங்காலமாகப் பன்னிருவர் குழு. இத்தகைய சிறு குழுவைச் சேம்பர் கொயர் என்பார்கள். பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லை. மேடையில் கை அசைத்து நடத்துபவரும் இல்லை. தொடக்கச் சுருதி ஒன்றைப் பெற்றுக்கொண்டு, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுப் பாட வேண்டும். பழைய தேவாலய வழக்கத்தைப் பின்பற்றி ஆண்களைக் கொண்டே அமைந்த குழுவாதலால், உச்ச வரிகளையும் ஆண்களே பாடினர். நம் வித்துவான்கள் 'கள்ளத் தொண்டை' என்று கடிந்து ஒதுக்குவது எதுவோ, அதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்று ஒரு கலையாக்கி வைத்திருக்கிறார்கள்! நம் காதுக்கு முதலில் வியப்பாகவே இருக்கும்.

இது ஓய்வு நேரத்தில் கூடிப் பாடி அடையக்கூடிய தேர்ச்சியன்று. அதனால்தான் பாடகர்களுக்கு முழுநேரச் சம்பளம் வேண்டுமென்று பாட்டோ எண்ணினார். 1991-ஆம் ஆண்டில் அது கைகூடியது. உணவு மேசையிலிருந்து சம்பளப் பட்டியல் வரையில் பதின்மூன்று ஆண்டுகள்!

ஆனால் சாண்டிக்லீர் ஒரு வாணிக நிறுவனமன்று. இலாபம் கருதாத அமைப்பு. இலாபம் கருதாதது என்றவுடன் சம்பளம் கொடுக்காதது என்று நாம் பொருள் செய்துகொள்கிறோம். பெரும் பிழை. வரவில் மிஞ்சுவதை எவரும் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்பதே அதன் பொருள். நுழைவுச்சீட்டு, இசைத்தட்டு ஆகியவற்றின் வருவாயோடு, வரிச்சலுகை பெற்ற நன்கொடைகளும் சேர்ந்துதான் குழுவை நடத்துகின்றன.

நுழைவுச்சீட்டே போதாதா என்று கேட்கலாம். பாமோல், போவன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 1966-ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். விசைத்தறி வந்தபின் ஒரு நெசவாளர் பழைய நாளைவிடப் பன்மடங்கு துணி நெய்கிறார்; அதனால் அவர் கூலி உயர்ந்தாலும் துணியின் விலை அவ்வளவாக உயர வேண்டியதில்லை. ஐந்து நிமிடப் பாட்டைப் பன்னிருவர் பாட, நானூறு ஆண்டுக்கு முன்பும் ஐந்து நிமிடமே ஆயிற்று, இன்றும் அவ்வளவே. பிற தொழில்களில் கூலி ஏற ஏறப் பாடகரின் சம்பளமும் ஏறியாக வேண்டும். பாட்டோ முன்னைவிட வேகமாக விளைவதில்லை. அந்தப் பள்ளத்தை நுழைவுச்சீட்டால் மட்டும் நிரப்ப முயன்றால், வசதியுள்ளோர் தவிர மற்றவர் அரங்கினுள் நுழைய முடியாது. நம் ஆசிரியைக்கு நேர்ந்ததும் இக்கணக்குத்தான். அவர் கலையில் குறையொன்றுமில்லை. அடுத்த செயற்குழுவில், பொன்னாடைச் செலவோடு சந்தாவிலும் ஒரு பகுதியைச் சேர்த்து மாதச் சம்பளத்துக்கு ஒதுக்கலாமா என்று கேட்க எண்ணியிருக்கிறேன். எதிர்ப்பு வரும், வரட்டும்.

சம்பளம் பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஆண்டுக்கு நூறு கச்சேரி என்னும் அளவுக்கு ஊர் ஊராகச் சென்று பாடினார்கள். பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். 1983-ஆம் ஆண்டில் பாடகராக வந்து சேர்ந்து, பின் இசை இயக்குநராகி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய ஜோசப் ஜென்னிங்ஸ், அடிமை வாழ்விலே பிறந்த கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களைப் பன்னிரு குரலுக்கு அமைத்துக் கொடுத்தார். மெக்சிகோ நகரப் பேராலயத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பணி செய்த மனுவேல் டி சுமாயாவின் இசையை அறிஞர்களின் துணையோடு மீண்டும் ஒலிக்கச் செய்து, 1994-ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அக்காலத்து ஏடுகளில் ஒவ்வொரு குரலும் தனித்தனித் தாளில் இருக்கும். அவற்றை ஒப்புநோக்கி ஒன்று சேர்த்தாலொழியப் பாட்டு உருப்பெறாது. நம் உ. வே. சாமிநாதையர் ஓலைச்சுவடிகளோடு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும். கிராமி விருதுகளும் வந்தன.

பாட்டோ 1997-ஆம் ஆண்டில் காலமானார்; குழு நின்றுவிடவில்லை. 2020-ஆம் ஆண்டில் வந்தது வேறொரு சோதனை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் வேறோர் ஊர்ப் பாடற்குழுவின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கோவிட் நோய் கண்டது, இருவர் மாண்டனர். பாடும் மூச்சே நோயைப் பரப்பும் என்றாகிவிட்டது. அரங்குகள் அடைபட்ட அவ்வாண்டில்தான் முன்னாள் பாடகரான டிம் கீலர் சாண்டிக்லீரின் இசை இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.

இவர்கள் பாடிப் புகழ் சேர்த்த பாட்டு ஒன்றுண்டு: 'ஆவே மரியா'. ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த ஓர் ஊரில் தேவாலயப் பாடற்குழுவை நடத்திவந்த ஃபிரான்ஸ் பீபிள் 1964-ஆம் ஆண்டில் இசையமைத்தது. பெரும் வித்துவான்களுக்காக அன்று; போட்டியில் பாட விரும்பிய தீயணைப்புத் தொழிலாளர் குழுவுக்காக அமைத்தார். பதிவு எளிதில் கிடைக்கிறது. ஓர் இரவு, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதலில் ஒற்றைக் குரல் ஒன்று எழும். அதன்பின் சிறு குழுவும் பெருங்குழுவுமாக இரண்டு அணிகள் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்லும். அடியிலே செல்லும் தாழ்ந்த குரலை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவை தாமே வந்து சேரும்.