‘அப் டூ’ முதல் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ வரை: சலுகைச் சொற்கள் சொல்வது என்ன?

தள்ளுபடி விளம்பரத்தில் கண்ணில் முதலில் படுவது எண். அது எந்தப் பொருளுக்கு, எதுவரை செல்லும் என்பதைத் தீர்மானிப்பது பக்கத்தில் பொடியாக அச்சாகும் ஆங்கிலச் சொல்.

‘அப் டூ 50%’ என்றால் 50 சதவீதம் உச்ச வரம்பு. சில பொருள்களுக்கு 10 சதவீதம் மட்டுமே குறைக்கப்பட்டாலும் விளம்பரம் பொய்யாகாது. ‘ஃப்ளாட் 50%’ என்றால் சலுகையில் உள்ள எல்லாவற்றுக்கும் பாதி விலை. ‘50% + 20%’ என்பது 70 சதவீதம் அல்ல: 1,000 ரூபாய்ச் சட்டை முதலில் 500 ரூபாயாகும், அதில் 20 சதவீதம் குறைந்து 400 ரூபாயாகும். ஆக, மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம்.

‘பை டூ கெட் ஒன்’ சலுகையில் மூன்றும் ஒரே விலை என்றால் தள்ளுபடி சுமார் 33 சதவீதம். விலைகள் வேறுபட்டால், பெரும்பாலும் விலை குறைந்ததே இலவசமாகக் கிடைக்கும், தள்ளுபடியும் குறையும்.

‘இன்ஸ்டன்ட் டிஸ்கவுன்ட்’ பில்லிலேயே கழிந்துவிடும். ‘கேஷ்பேக்’ முழுப் பணத்தையும் கட்டிய பிறகே வரும். பல சமயம் பணமாக இல்லாமல், அடுத்த முறை வாங்கும்போது பயன்படுத்தும் கூப்பனாக வரும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ வட்டியில்லாக் கடன் அல்ல. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-இல் தெளிவுபடுத்தியது. வங்கி வட்டி வசூலிக்கிறது. அதே தொகையை விற்பனையாளர் விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறார். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதுவும் வாடிக்கையாளர் தலையில் விழும்.

‘கண்டிஷன்ஸ் அப்ளை’ என்பதற்குப் பின்னால் குறைந்தபட்ச பில் தொகை, குறிப்பிட்ட வங்கி அட்டை, கடைசித் தேதி போன்ற நிபந்தனைகள் இருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, விளம்பரம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். சலுகையைத் தமிழில் அறிவித்துவிட்டு, நிபந்தனையை ஆங்கிலத்தில் ஒளித்துவைக்க விற்பனையாளருக்கு உரிமை இல்லை. போதிய சரக்கு கிடைக்கும் என்ற நியாயமான வாய்ப்பு இல்லாமல், வாடிக்கையாளரை இழுப்பதற்காக மட்டும் குறைந்த விலையை விளம்பரம் செய்யவும் கூடாது.

விளம்பரம் ஒன்றும் பில் ஒன்றுமாக இருந்தால், இரண்டையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.